நாலு வெயிலுக்குக் காத்திருந்த ஆடுகள்

மூணாறுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் தேயிலை பார்க்கப் போகிறார்கள். மீதிப்பேர் கல்யாணம் ஆன புதிதில் போகிறார்கள். நான் போனது மூன்று செம்மறிக் குட்டிகளின் முதுகெலும்பைப் பார்க்க. போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பி மறுநாள் திரும்பினேன். மீனாட்சிபுரம், பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர், மூணாறு, பள்ளிவாசல் என்று போகும் வழி. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 134 கிலோமீட்டர். அதே வழியில் போக நினைப்பவர்களுக்காக நேரமும் காசும் ஆங்காங்கே எழுதியிருக்கிறேன். ஆட்டுக்கதை வேண்டாதவர்கள் அதை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம். கடைசிப் பத்தியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். அதில் உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கப் போகிறேன்.

நான் வியாபாரி. எலப்புள்ளியில் பிறந்து, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கி, பிறகு சைக்கிளில் பிண்ணாக்கு விற்று, இன்று மீனாட்சிபுரத்தில் தீவனக்கடை வைத்திருக்கிறேன். கூடவே ஆடு வாங்கி விற்பதும் உண்டு. வைகாசியில் பேச்சியம்மாள் என்ற அக்கா பள்ளிவாசல் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து வந்து என்னிடம் எட்டுச் செம்மறிப் பெட்டைகளும் ஒரு கெடாவும் வாங்கிப் போனார். முப்பது வருசம் கொழுந்து கிள்ளி அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். மழை மலைக்கும் செம்மறிக்கும் அவ்வளவாக ஒத்துவராது என்று எனக்கு அன்றே தெரியும். வெள்ளாடு வாங்குங்க என்று சொல்லியிருக்கலாம். அன்று என்னிடம் வெள்ளாடு இல்லை, செம்மறி இருந்தது.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது அவரிடமிருந்து போன்.

“அண்ணாச்சி, மூணு பெட்ட குட்டி போட்டிருக்கு. மூணு குட்டியும் முதுகு ஒடிஞ்ச மாதிரிக் கெடக்கு. ஒண்ணும் எந்திரிக்க மாட்டேங்கு.”

“ஏனுங்க்கா, எங்கியாச்சும் உளுந்து அடிபட்டுதுங்களா?”

“வயித்துக்குள்ள எங்க போய் விழ? பொறக்கும்போதே அப்படித்தான். கெடா ரத்தமே கோளாறுன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுதாரு. நாளைக்கு மூணு மணிக்கு அடிமாலியில இருந்து கறிக்கடை ஜீப்பு வருது. கெடாவையும் எட்டுப் பெட்டையையும் சேத்து ஏத்தி விடப்போறாராம்.”

எட்டில் ஐந்து பெட்டைகளின் வயிற்றில் அப்போதும் குட்டி இருந்தது. அவருடைய கணவர் முத்தையா எஸ்டேட்டில் வாட்ச்சர். அவருக்கு இன்னும் இரண்டு வருசம்தான் வேலை. அதன்பின் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அப்போது கையில் என்ன இருக்கும் என்று யோசித்துத்தான் அந்த அக்கா ஆடு வாங்கினார். ஜீப்பில் ஏறினால் அந்த யோசனையும் ஏறிப் போய்விடும்.

நான் கிளம்பியதற்கு அவர் மேல் இரக்கம் மட்டும் காரணம் என்று எழுதினால் பொய். அது என் கெடா. அதன் கூடப்பிறந்த கெடாக்கள் இரண்டு வேறு ஊர்ப் பட்டிகளில் இருக்கின்றன. ரத்தம் கோளாறு என்று ஒரு பேச்சு கிளம்பினால் என் கடை வாசலில் எவனும் ஆடு பார்க்க நிற்க மாட்டான். தெரிந்தவர் ஒருவர் மூலமாக அந்தப் பக்கத்து மிருகாஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் பேசினேன். செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு வந்து பார்க்கிறேன் என்றார்.

மலைக்கு என் வண்டியை எடுப்பதில்லை. ஓட்டுகிறவனுக்கு ரோடு மட்டும்தான் தெரியும். காலை 4.40க்கு மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறினேன், பொள்ளாச்சிக்குப் பதினைந்து ரூபாய். அங்கிருந்து உடுமலைக்கு முப்பது. 6.20க்கு உடுமலை பஸ் ஸ்டாண்டில் ஒரு காபி. ஏழு மணிக்கு மூணாறு பஸ், 105 ரூபாய். இதெல்லாம் நான் கொடுத்த காசு. நீங்கள் போகும்போது கூடியிருந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

உடுமலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தென்னை குறைந்து, காற்று மாறி, தூக்கமும் விழிப்பும் கலந்த ஒரு நிலைக்கு வந்திருந்தேன். சன்னல் கம்பியில் தலை தட்டும்போதெல்லாம் ஒரு குட்டி எழுந்து நிற்க முயல்வது போலவும், மறுபடி சாய்வது போலவும் தோன்றும். கண் திறந்தால் செக்போஸ்ட். காட்டுப் பாதையில் வண்டிகளை விடியற்காலைக்கு மேல்தான் விடுகிறார்கள், அதனால் சீக்கிரம் போய்க் காத்திருப்பதில் லாபமில்லை.

“யானை நிக்குமுங்களா?” என்று நடத்துநரிடம் கேட்டேன்.

“நின்னா நாமளும் நிப்போமுங்க. அதுக்குத் தனியா டிக்கெட் இல்லீங்க” என்றார்.

யானை நிற்கவில்லை. ஆனால் சின்னாற்றுக் காட்டை அந்த நேரத்தில் பார்த்தது மனதில் இருக்கிறது. மலை மேல் மழை, கீழே ஊரில் மேகம், நடுவில் இந்தக் காடு மட்டும் காய்ந்து, வெளுத்து, வெயிலில் கிடக்கிறது. முள்மரங்களின் நிழல்கூட மெலிந்துதான் விழுகிறது. ஆறு எங்கோ அடியில் ஒரு நூலாக மினுங்குகிறது. மழை மறைவுப் பிரதேசம் என்று பக்கத்து சீட்டு வாத்தியார் ஒருவர் சொன்னார். வருசம் முழுக்க வெயில்தான் என்றார். அந்த வார்த்தை அப்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை. திரும்பி வரும்போதுதான் குத்தியது.

8.45க்கு மறையூர். பத்து நிமிசம் நிறுத்துவார்கள். கரும்புப்பால் காய்ச்சும் வாசம் ஊர் முழுக்க மெல்லியதாகப் படர்ந்திருக்கிறது. டீயும் வடையும் முப்பது ரூபாய். பேச்சியம்மாளுக்கு ஒரு கிலோ வெல்லம் வாங்கினேன். வெறுங்கையோடு போய்க் கெடாவுக்கு வக்காலத்து வாங்க முடியாது.

மறையூரிலிருந்து மூணாறு நாற்பது கிலோமீட்டர். இந்த நாற்பதுதான் பயணம். கொஞ்ச தூரம் வெயில் கூடவே வருகிறது, பிறகு ஒரு வளைவில் நின்றுவிடுகிறது. அடுத்த வளைவில் பஸ் மேகத்துக்குள் நுழைந்தது. ஓட்டுநர் விளக்கைப் போட்டார். சத்தமெல்லாம் பஞ்சு சுற்றியது போல ஆயிற்று. தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டி விடுவார்கள் இல்லையா, மேலே உருண்டையாகக் குவிந்து ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். பனிக்குள் அவை பச்சையாகத் தெரியவில்லை. மலைச்சரிவு முழுக்கச் செம்மறி படுத்திருப்பது போல இருந்தது. ஆயிரக்கணக்கான முதுகுகள், ஒன்றிலும் கோணல் இல்லை. நடுவே தலைகள் மட்டும் மிதந்து போயின. கொழுந்து கிள்ளுகிறவர்கள். பேச்சியம்மாளும் முப்பது வருசம் இப்படி ஒரு மேகத்துக்குள் கழுத்தளவு நின்றிருப்பார் என்று நினைத்தபடி தூங்கிப்போனேன்.

10.40க்கு மூணாறு. அங்கிருந்து பள்ளிவாசல் எட்டு கிலோமீட்டர். எஸ்டேட் லயம் வரை போக ஆட்டோ.

“முந்நூறு ஆகும் அண்ணா.”

“மீட்டர் இல்லீங்களா?”

“இருக்கு. ஏத்தம் எறக்கம் அதுக்குத் தெரியாதே.”

பேரம் பேசுவது என் தொழில். ஆனால் மேகத்துக்குள் பேரம் பேச வாய் வரவில்லை. முந்நூறே கொடுத்தேன்.

மலைச்சரிவில் பவர்ஹவுசுக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்கள் தெரியும் இடத்துக்கு மேலே அந்த லயம். வரிசையாகப் பத்து வீடுகள், தகரக்கூரை. வீட்டுக்குப் பின்னால் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திப் பலகை அடித்த கொட்டகை. நான் பார்த்தவரை அவ்வளவு சுத்தமான ஆட்டுக்கொட்டகை மீனாட்சிபுரத்தில் இல்லை. உள்ளே காய்ந்த வைக்கோல் வாசம். எட்டுப் பெட்டைகளும் கெடாவும் என்னைப் பார்த்தன. ஓரத்தில் சாக்கு விரித்து மூன்று குட்டிகள். இரண்டு குட்டிகளுக்கு முதுகு வில் போல மேலே வளைந்து, கால்கள் விறைத்து, தலை சாக்கில். மூன்றாவது பக்கவாட்டில் முறுக்கிக் கிடந்தது.

முத்தையா கொட்டகை வாசலில் நின்றுகொண்டே பேசினார். உள்ளே வரவில்லை.

“வாங்க மொதலாளி. நீங்க குடுத்த சாமானைப் பாருங்க. மூணுக்கு மூணு. கெடாவுக்குத்தான் கொம்பு அழகா இருக்கு.”

“‘ஏளா, வந்த மனுசனுக்கு ஒரு சாயா குடுக்கதுக்கு முன்னாடி ஏச்சைக் குடுப்பியா’ன்னு என்னையத்தான் கேப்பீரு. இப்ப நீரு என்ன செய்தீரு?” என்றார் பேச்சியம்மாள்.

“மூணு மணிக்கு ஜீப்பு வரும். அதைத்தான் சொல்லுதேன்.”

நான் கெடாவைத் தொட்டுப் பார்த்தேன். அது என் முழங்காலில் தலையை இடித்தது. அதற்கு என்ன தெரியும்.

டாக்டரம்மா ஒன்று பத்துக்கு ஸ்கூட்டரில் வந்தார். மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேரே சாக்கில் உட்கார்ந்தார். சின்ன வயசுதான். முதல் குட்டியின் கழுத்திலிருந்து வால் வரை இரண்டு விரல்களால் ஒவ்வொரு கணுவாக நடந்தார். அவசரமே இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“சேட்டா, விரல் குடுங்க. இங்கேந்து மெதுவா வாங்க. எங்கயாவது ஒடிஞ்சிருக்கா?”

ஈர மயிருக்கு அடியில் சின்னச் சின்ன மணிகள். ஒரே நேர்கோடு. வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து அவர் தூக்கியதும் அந்த வளைந்த முதுகு தானாகத் தளர்ந்து நேரானது. இரண்டாவது குட்டியும் அப்படியே.

“எலும்பு நல்லாருக்கு. தசைதான் பிடிச்சு வளைச்சிருக்கு. நிக்க சக்தி இல்லை. இனி இதைப் பாருங்க.”

மூன்றாவதில் என் விரல் பாதி முதுகு வரை நேராகப் போயிற்று. பிறகு வழி தவறிவிட்டது. காலையில் பஸ் வளைவில் திரும்பியது போல எலும்பு இடப்பக்கம் திரும்பி, ஒரு முடிச்சாகி, மறுபடி நேரானது. நான் கையை எடுத்துவிட்டேன்.

“இது வயித்துக்குள்ளயே எலும்பு உருவாகும்போது வந்தது. இதை நேராக்க மருந்தில்லை. காரணம் என்னன்னு பார்த்த உடனே சொல்ல முடியாது. சத்துக்குறை இருக்கலாம், பூச்சி கொண்டுவர்ற ஏதாவது நோய் இருக்கலாம், சும்மாவும் வரலாம். ஒரு குட்டியை வச்சுக் கெடா மேல கேஸ் போடக்கூடாது. ஆனா அந்த ரெண்டும் வேற விஷயம்.”

அவர் எழுந்து பெட்டைகளைப் பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார். தீவனத் தொட்டியில் கைவிட்டு வைக்கோலை அள்ளி முகர்ந்தார். பிறகு கேட்டார்.

“இதுங்க பச்சை தின்னு எத்தனை மாசமாச்சு?”

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். “அண்ணாச்சி சொன்ன மாதிரிதான் செய்தேன்.”

நான் என்ன சொன்னேன் என்று எனக்கே சட்டென்று நினைவு வரவில்லை. அவர் கொட்டகைத் தூணில் தொங்கிய மளிகைக்கடைக் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்தார். ஆனியிலிருந்து தாள்களைக் கிழிக்காமல் பின்னால் மடித்து வைத்திருந்தார். சில தேதிகளைச் சுற்றிப் பென்சிலில் வட்டம்.

“வட்டம் போட்டதெல்லாம் வெயில் அடிச்ச நாளு. நாலு வெயில் பாத்து அவுத்து விடுன்னு சொன்னீகல்லா? வண்டியில ஏத்தும்போது சொன்னீக. ஆனியில ரெண்டு சேந்து வந்துச்சு. ஆடியில ஒண்ணுமில்ல. ஆவணியில மூணு வந்துச்சு. நாலாம் நாளு விடிய முன்னாடியே எந்திரிச்சு இந்தக் கதவுகிட்ட நின்னேன். எட்டு மணி வரைக்கும் நல்ல வெளிச்சம். ஒம்பது மணிக்கு மேகம் ஏறிட்டு.”

இதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முதல் மழைக்குப் பின் முளைக்கும் இளம்புல்லைச் செம்மறி வயிறு முட்டத் தின்றால் துள்ளுமாரி வரும். காலையில் மேய்ந்த ஆடு சாயங்காலம் துள்ளி விழுந்து செத்துப்போகும். அதனால் மழை விட்டு நாலு வெயில் அடித்து, புல் கொஞ்சம் முற்றிய பிறகுதான் பட்டியைத் திறப்போம். என்னிடம் ஆடு வாங்கும் எல்லோரிடமும், கயிறு கட்டிக் கொடுக்கும்போது, “மழ பேஞ்சா நாலு வெயில் பாத்து அவுத்து உடுங்க” என்று சொல்வேன். வாயில் ஒட்டிப்போன வாக்கியம். எங்கள் ஊரில் நாலு வெயில் என்பது ஒரு வாரத்துப் பேச்சு. பள்ளிவாசலில் அது ஐந்து மாசம். செம்மறிக்குச் சினைக்காலமும் ஐந்து மாசம்.

அந்த அக்கா ஐந்து மாசமும் என் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டு, சமவெளியிலிருந்து வரும் வைக்கோலைப் பிக்கப்பில் வரவழைத்து, தவிடு கலந்து ஊட்டியிருக்கிறார். கண் எட்டும் தூரமெல்லாம் புல். கதவுக்கு நாலடியில் முழங்கால் உயரம். அதைப் பார்த்தபடி ஒன்பது ஆடுகள் பழைய வைக்கோல் மென்றிருக்கின்றன.

“பச்சையிலதான் வைட்டமின் ஏ, ஈ எல்லாம் இருக்கு. காஞ்சு பழசான வைக்கோல்ல ஒண்ணும் மிச்சம் இருக்காது. தாய்க்கே இல்லாதப்போ குட்டிக்கு எங்கேந்து கிடைக்கும்?” என்றார் டாக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். “துள்ளுமாரிக்குத் தடுப்பூசி இருக்குல்லே சேட்டா? நீங்க ஆடு வியாபாரியல்லே? ஊசி போட்டா நாலு வெயில் எதுக்கு?”

ஊசி இருப்பது எனக்குத் தெரியும். என் சொந்த ஆடுகளுக்குப் போடுகிறேன். ஆனாலும் நாலு வெயிலை விடவில்லை. ஊசிக்கு முன்பிருந்தே இருக்கும் பயம் அது.

“தப்பு என்னுதுங்க்கா” என்றேன். “எங்க ஊரு வெயில வெச்சுச் சொல்லிப்போட்டேன்.”

“அப்ப கெடா ரத்தம்?” என்றார் முத்தையா, அப்போதும் வாசலில் நின்றபடி.

“கெடாவுக்கு ஒண்ணுமில்ல. ரத்தம் கோளாறுன்னா என் வாய்லதானுங்க கோளாறு.”

டாக்டரம்மா இரண்டு குட்டிகளுக்கும் வைட்டமின் ஈ-யும் செலினியமும் கலந்த ஊசி போட்டார், சினைப்பெட்டைகளுக்கும் போட்டார். பேச்சியம்மாள் மெதுவாகக் கேட்டார்: “இந்த அஞ்சும் நல்லபடியா குட்டி போடுமா?”

“நிச்சயம்னு உறப்பு சொல்ல மாட்டேன். இன்னையிலேந்து பச்சை குடுங்க. ஒரேயடியா வேண்டாம், கைப்பிடி கைப்பிடியாக் கூட்டுங்க. அறுத்த புல்லைக் கூரைக்கடியில தொங்கவிட்டு நீர் வடிய வச்சுக் குடுங்க. மருந்து தெளிச்ச தேயிலை ஓரத்துல அறுக்காதீங்க. தடுப்பூசி நான் கொண்டுவந்து போடறேன்.”

பேச்சியம்மாள் மழைக்குப் போர்த்தும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கட்டுப் புல். ஒன்றை உத்தரத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் சொட்டி முடியும்வரை நாங்கள் நின்றோம். பெட்டைகளும் நின்றன. அப்படி ஒரு காத்திருப்பை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

முதல் பிடியை வயதான பெட்டையின் முன் நீட்டினார். அது முகர்ந்தது. பின்வாங்கியது. மறுபடி முகர்ந்தது. அப்புறம் ஒரு இழை. கொட்டகைக்குள் அந்த மெல்லும் சத்தம் மட்டும். ஒன்றிலிருந்து எட்டாகி, கூரைத் தூறலோடு கலந்து, தூரத்தில் குழாயில் இறங்கும் தண்ணீர் இரைச்சலோடு சேர்ந்து ஒரே சத்தமாயிற்று. மேகம் வாசல் வழியாக உள்ளே வந்து ஆடுகளின் முதுகில் படிந்தது. நான் எங்கே இருக்கிறேன், எதற்கு வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துவிட்டது. மணி என்ன என்றும் தெரியவில்லை.

முத்தையாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் எப்போது உள்ளே வந்தார் என்று நான் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்திருந்தார்.

“ரெண்டாம் மைலு தாண்டிட்டானாம். அவன்கிட்ட என்ன சொல்ல?”

“ஆடு இல்லன்னு சொல்லும்” என்றார் பேச்சியம்மாள், திரும்பாமல்.

“இவ்வளவு தூரம் வந்தவன்கிட்டயா?”

“சாயா குடிச்சிட்டுப் போகச் சொல்லும். வெல்லம் இருக்கு.”

ஜீப்காரர் வந்து, என் மறையூர் வெல்லத்தில் ஒரு கட்டியைக் கடித்துக்கொண்டு சாயா குடித்தார், மழைக்கு வாய் நிறைய வசவு கொடுத்தார், வெறும் ஜீப்போடு போனார். முத்தையா இன்னொரு பிடி புல்லைக் கெடாவிடம் நீட்டினார். “தின்னுடே. உன்னைய நாலு நாளா ஏசிட்டேன்” என்றார்.

அன்று மூணாறில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் தங்கினேன். எண்ணூறு ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும். சனி ஞாயிறில் இந்த விலைக்குக் கிடைக்காது. மறுநாள் காலை எட்டு மணிக்கு மறுபடி கொட்டகைக்குப் போனேன். இன்னொரு முந்நூறு. கதவருகே பேச்சியம்மாள் விரலை உதட்டில் வைத்தார்.

முதல் குட்டி பின்னங்கால்களைத் தூக்கிவிட்டிருந்தது. முன்னங்கால் இன்னும் மண்டியில். அப்படியே நின்று யோசித்தது. உடம்பு முழுக்க நடுக்கம். ஒரு முட்டி நிமிர்ந்தது, பிறகு இன்னொன்று. நாலு காலும் நாலு திசையில் விரிந்து, எந்த நேரமும் சரியும்போல. சரியவில்லை. தாய் ஒரு அடி முன்னால் வந்து மடியைக் காட்டி நின்றது. குட்டி எட்டிக் காற்றைக் கவ்வி, பலகையைக் கவ்வி, மூன்றாவது தடவை காம்பைக் கவ்வியது. வால் ஆடியது. பேச்சியம்மாள் அழுவார் என்று நினைத்தேன். அவர் காலண்டரைக் கழற்றி மடித்து அடுப்பு பற்ற வைக்கும் சுள்ளிகளோடு வைத்தார்.

பத்தரைக்கு மூணாறில் பஸ். அதே நாற்பது கிலோமீட்டர், தலைகீழாக. ஒரு வளைவில் மேகம் சட்டென்று முடிந்து வெயில் விழுந்தது. பளபளவென்று வருசம் முழுக்கக் கிடக்கும் வெயில். அந்தக் கொட்டகையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஒவ்வொரு நாளும் கதவருகே நின்று அவர் தேடியது இங்கே ரோட்டோரப் பாறைகளின் மேல் கேட்பாரில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது.

மறையூரில் இறங்கிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து அடுத்த பஸ். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மலைப்பக்கத்துக்கு நான் செம்மறி விற்றவர்களின் நம்பர்களைப் போனில் தேடினேன். எட்டுப் பேர். நாலு வெயில் பார்க்க வேண்டாம், பச்சை போடுங்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“நீங்க சொன்ன மறுநாளே அவுத்து விட்டுட்டேன் மொதலாளி. நாலு வெயிலுக்கு நான் எங்க போவேன்? பொள்ளாச்சிக்கு ஓட்டிட்டு வரணும்” என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “அப்ப போன மாசம் போன ரெண்டு குட்டியும் அதனாலதானா?” என்றார். ஆமாங்க என்று சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை வைத்துவிட்டார்.

இரண்டாவது குட்டி நாலாம் நாள் நின்றது என்று பேச்சியம்மாள் சொன்னார். கோணல் முதுகுக்காரனுக்கு அவர் வில்லு என்று பேர் வைத்துப் புட்டியில் பால் கொடுத்தார். ஒன்பதாம் நாள் அது பால் குடிக்கவில்லை. மீதி ஐந்து பெட்டைகளில் இதை எழுதும் இன்றுவரை நான்கு ஈன்றிருக்கின்றன. நான்கு குட்டிகளும் எழுந்து நின்றன. ஐந்தாவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். போக்குவரத்து, ஆட்டோ, லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. உடுமலையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடியுங்கள், சின்னாற்றில் இளவெயில் கிடைக்கும். ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைக்காதீர்கள், மறையூர் தாண்டியதும் தேடுவீர்கள். ஆடு வளர்ப்பவர்களுக்கு: எழுந்து நிற்காத குட்டியெல்லாம் முதுகு ஒடிந்த குட்டி இல்லை. விரலால் தடவிப் பாருங்கள், பிறகு டாக்டரைக் கூப்பிடுங்கள். குட்டிகளுக்குப் போட்ட அந்தச் சத்து ஊசியை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், அளவு கூடினால் குட்டியே போய்விடும். என் கடைக்கு வந்து கேட்டாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் தரமாட்டேன்.

இனி நான் சொன்ன அந்த வேலை. மலைக்காரர்களில் ஒன்பதாவதாக ஒருவர் இருக்கிறார். வைகாசியில் பொள்ளாச்சிச் சந்தையில் என்னிடம் இரண்டு பெட்டைகளும் ஒரு கெடாவும் வாங்கினார். பேர் கேட்கவில்லை, நம்பர் வாங்கவில்லை. காசு கைக்கு வந்துவிட்டால் நான் அப்படித்தான். மாங்குளம் பக்கம் என்று மட்டும் சொன்னார். கயிற்றைக் கையில் கொடுக்கும்போது அவரிடமும் அந்த வாக்கியத்தைச் சொன்னேன், அவர் இரண்டு தடவை தலையாட்டினார். உங்களில் பலர் ஆனைக்குளத்துக்கு யானை தண்ணீர் குடிப்பதைப் பார்க்கப் போவீர்கள். மாங்குளம் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் செம்மறி அபூர்வம், கண்ணில் பட்டால் தெரிந்துவிடும். என் ஆடுகளுக்கு இடது காது நுனி வெட்டியிருக்கும். எங்காவது பூட்டிய கொட்டகைக்குள் அப்படி ஒரு காது தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். மீனாட்சிபுரத்துக் கடைக்காரன் சொன்னது தப்பாம், நாலு வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாமாம், இன்றைக்கே ஒரு பிடி புல் அறுத்துப் போடச் சொன்னான் என்று சொல்லுங்கள்.